பன்னிரண்டு மணிக்கு ஏறிய ஷட்டர்

கல்யாணத்துக்குத் துணி எடுக்க மதுரையிலிருந்து தி.நகர் வந்திருக்கிறேன். சந்து ஒன்றில், பூட்டிய ஷட்டர் முன்னால் இரண்டு பேர் மல்லுக்கட்டுகிறார்கள். ஒருவர் சலீம் பாய். அவர் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே அடுத்தவர் கடைகளுக்குத்தான் ரவிக்கையில் ஜரிகை வேலை செய்தது. இன்று அவர் சொந்தக் கடை திறக்கிறார். மற்றவர் பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சி, அவர் குடும்பம் அப்பா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்தது.

"வெள்ளிக்கிழம பாய். ராகு காலம் போவட்டும், பன்னெண்டுக்குத் திறங்க."

"இன்னா அண்ணாச்சி, அப்பால நான் ஜும்மாவுக்குப் போவணுமே. கடைய யாரு பாத்துக்கறது?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

பன்னிரண்டுக்கு ஷட்டர் ஏறுகிறது. போணி என்னுடையது. பிஸ்மில்லா சொல்லிப் பணத்தை வாங்கிய பாய், தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடுகிறார். இன்னொரு ரவிக்கை பார்க்க நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

அவர் திரும்பும்போது கடைக்குள் நிற்க இடமில்லை. கல்லாவில் அண்ணாச்சி, "குறைக்க முடியாதும்மா, கைவேலை!" என்று கத்திக்கொண்டிருக்கிறார். பாயைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துண்டால் தட்டுகிறார்.

"முதலாளி வந்துட்டாரு. அவர்கிட்ட கேளுங்க."

பழக்கதோஷத்தில் பாய் சட்டென்று ஒதுங்கி, வாசலைத் திரும்பிப் பார்க்கிறார். அங்கே யாருமில்லை. வாய்விட்டுச் சிரித்தபடி போய் நாற்காலியில் உட்கார்கிறார்.