மேட்டுக்கடை பாஸ்கரும் பள்ளத்துக்கடை நானும்

டூவீலர் மெக்கானிக்குக்கு மழைக்காலம்தான் அறுவடை என்பார்கள். அது கடை மேட்டில் இருப்பவனுக்கு. பள்ளத்தில் கடை போட்டிருக்கும் என் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். விழுப்புரத்தில் எங்கள் தெருவின் பள்ளத்தில் என் கடை, மேட்டில் பாஸ்கர் கடை. இருவரும் ஒரே பட்டறையில் தொழில் கற்றவர்கள்.

கடல் இல்லாத ஊர்

புயல் என்று டிவியில் சொன்னார்கள். கேமராவெல்லாம் பாண்டி பக்கத்தில் கோட்டக்குப்பம் கடற்கரையில்தான். பாஸ்கர் மட்டும் தரையில் கிடந்த எஞ்சின்களை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தான். மேட்டில் இருப்பவனுக்கு எதற்கு இத்தனை முன்ஜாக்கிரதை என்று எனக்கு எரிந்தது. நாமும் ஏற்றி வைக்கலாமா என்று, மொபெட்டை சர்வீசுக்கு விட வந்த பால்காரர் ஏழுமலையைக் கேட்டேன்.

"புயலு பாண்டிக்காரங்களுக்கு. நமக்கு வெறும் மழைதான், நீ வேலையப் பாருப்பா."

தண்ணீர் வந்தபோது

காற்று கடலோரத்தோடு போயிற்று. மழை எங்களிடம் நின்றுவிட்டது. ஏரிகள் நிரம்பி வழிந்து, மறுநாள் காலையில் தெருவுக்குள் செம்மண் தண்ணீர். கடைக்குள் இடுப்பளவு. ஏழுமலையின் மொபெட்டில் ஹேண்டில்பார் மட்டும் தெரிந்தது. பால் ஊற்றப் போக அவருக்கு வேறு வண்டி கிடையாது.

கூப்பிடாமலே பாஸ்கர் வந்து, என்னோடு சேர்ந்து வண்டிகளை மேட்டுக்குத் தள்ளினான். காய்ந்து கிடந்த அவன் கடைத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதறி ஓடி வந்த ஏழுமலை என்னைத் தாண்டிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கிட்டயே வுட்டிருக்கணும் தம்பி. இவனாண்ட வுட்டுட்டு இப்ப பேஜாராப் போச்சு."

சிபாரிசு

தண்ணீர் வடிந்ததும் ஊரில் பாதி வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பாஸ்கர் கடை முன்னால் தெருவை அடைத்து வண்டிகள். நான் சேற்றுக்குள் ஸ்பானர் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே ஒவ்வொரு எஞ்சின் உறுமும்போதும் இங்கே என் வயிறு எரிந்தது. ஏழுமலையின் மொபெட்டை மட்டும் அவனிடம் விடாமல், நானே பிடிவாதமாகப் பிரித்து, கழுவி, ஓட வைத்தேன். அவர் பால் கேனை அதில் மாட்டிக்கொண்டு போனார்.

அன்று மதியம் ஒரு நர்ஸம்மா, பாஸ்கர் கடையைத் தாண்டி, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அங்கே போகாமல் ஏன் இங்கே வந்தீர்கள் என்று, பதிலைக் காதால் கேட்கும் ஆசையில் கேட்டேன்.

"அவருதாங்க அனுப்புனாரு. தண்ணில முழுவுன வண்டின்னா, உங்கள வுட்டா அனுபவஸ்தர் வேற யாரும் இல்லயாம்."

அடுத்த மழைக்குள் எப்படியாவது கடையை மேட்டுக்கு மாற்றிவிட வேண்டும் என்றுதான் பார்க்கிறேன், ஆனால் அங்கே காலியாக இருப்பது பாஸ்கர் கடைக்குப் பக்கத்து அறை ஒன்றுதான், அதையும் அவனேதான் வந்து சொல்லிவிட்டுப் போனான்.