என் பட்டியலில் ஒன்பதாவது சொல்

மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு மாடி அறையில் ஆங்கில வகுப்பு நடந்தது. நாற்பத்தொரு வயதில் அதில் சேர்ந்தேன். மற்ற எல்லாரும் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைகள். ஏறாவூரில் நான் கொப்பியோடு பஸ் ஏறுவதைப் பார்த்துத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

வளைகுடாவில் ஐந்து வருடம் வீட்டுவேலை செய்தவள் நான். செய்யாத திருட்டைச் சொல்லி அந்த வீட்டார் என்னைப் பொலிஸில் பிடித்துக் கொடுத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாள்களில் கையெழுத்து வாங்கி, விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இனி வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்து வைப்பதில்லை என்று ஊர் வந்த அன்றே முடிவெடுத்தேன்.

டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒருநாள் அவர் பி, ஓ, ஆர், டி என்ற நான்கு எழுத்துகளையும் பலகையில் எழுதி, இவை இதே வரிசையில் வரும் ஐந்து சொற்களைத் தேடி, பொருளும் சொல்லுக்கொரு வசனமும் எழுதி வரச் சொன்னார். சில சொற்களில் அது துறைமுகத்தைக் குறிக்கும், பலவற்றில் சுமப்பதைக் குறிக்கும் என்றும் விளக்கினார்.

நான் ஒன்பது சொற்களோடு போனேன். எயார்போர்ட்டும் பாஸ்போர்ட்டும் துறைமுகப் பக்கம். இம்போர்ட் உள்ளே கொண்டுவருவது, எக்ஸ்போர்ட் வெளியே கொண்டுபோவது. சப்போர்ட் என்றால் கீழே நின்று தாங்குவது. எல்லாருக்கும் முன்னால் நின்று வாசித்துக்கொண்டு வந்தேன். கடைசிச் சொல்லுக்கு வந்தபோது டீச்சர் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, அத விடுங்க. பிறகு கதைப்பாங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"கதைக்கட்டும் டீச்சர். மத்த எட்டும் அகராதியில பாத்து எடுத்தது. இது எனக்கு நடந்தது."

டிபோர்ட். நாட்டைவிட்டு அகற்றிக் கொண்டுபோவது. கீழே எழுதியிருந்ததையும் உரக்க வாசித்தேன். தே டிபோர்ட்டட் மீ. ஐ டிட் நாட் ஸ்டீல். நான் திருடவில்லை என்ற அந்த இரண்டாவது வசனத்தை இன்னொரு தரம் வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் சித்தாண்டியிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி படிக்கட்டில் காத்து நின்றாள். அவளுடைய அம்மாவும் வெளிநாட்டில் வீட்டுவேலையில் இருந்தார்.

"அம்மாட பாஸ்போர்ட் அந்த வீட்டுக்காரங்கட கையிலதான் இருக்காம். அப்பிடி வெச்சிருக்க ஏலுமா அக்கா?"

ஏலாது என்றேன். இறங்கி வந்த டீச்சரையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக மறுபடி மாடி ஏறினோம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள், டீச்சர் பிழை திருத்தினார். அங்குள்ள நம் தூதரகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அன்றே போனது. பதில் வர இரண்டு மாதமாயிற்று. பாஸ்போர்ட் அம்மாவின் கைக்கு வந்தது. ஆனால் அவர் உடனே திரும்பி வரவில்லை. ஒப்பந்தத்தை முடித்துவிட்டே வருவேன் என்று சொல்லிவிட்டார். அது அவருடைய விருப்பம்.

என்னை அனுப்பிய ஏஜென்சிக்காரரைப் போன மாதம் பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். இந்த வயதில் உனக்கு இங்கிலீஸ் என்னத்துக்கு என்று கேட்டார். இப்போது நீங்கள் அனுப்பும் பெண்களின் ஒப்பந்தத்தைக் கொண்டுவாருங்கள், வரிவரியாக வாசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். பெண்கள்தான் கொண்டுவருகிறார்கள். விளங்காத இடத்தில் அகராதியைப் பார்க்கிறேன், அதுவரை யாரையும் கையெழுத்து வைக்க விடுவதில்லை.