உள்பெட்டி திறக்காத காலை

பக்கவாதம் என் கணவரின் பேச்சையும் கைகால்களையும் எடுத்துக்கொண்டு நான்கு வருடமாகிறது. மிச்சம் வைத்தது வலது கட்டைவிரலை மட்டும். அதன் கீழே ஒரு பட்டன் இருக்கும். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னும்போது, வேண்டிய எழுத்து வந்ததும் அழுத்துவார். அந்த மென்பொருள் மிகப் பழையது. புதுக் கணினியில் ஓடாது. அதனால் கடலூரில் இருக்கும் என் தம்பி, சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கணினிக்குள்ளேயே பழைய கணினி ஒன்றை மெய்நிகராக ஓட வைத்திருந்தான். அதை நாங்கள் உள்பெட்டி என்போம்.

அன்று காலை கரண்ட் போய் வந்த பிறகு உள்பெட்டி திறக்கவில்லை. ஏதோ பிழைச் செய்தி மட்டும் வந்தது. அதே நேரம் அவர் முகம் கோணியது. பட்டனை டக் டக்கென்று விடாமல் அழுத்தினார். திரையில் ஒன்றும் இல்லை.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" கண் அசையவில்லை. "வயிறா?" இல்லை. "தலையா?" ஆமென்று ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். தலைவலி மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தேன். அவர் கண்ணில் நீர் வழிந்தது. பட்டன் சத்தம் நிற்கவில்லை.

உள்பெட்டிக்கான நினைவகத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். கடைசியில், புதிதாகச் சேர்த்தால் சரியாகுமென்று, உள்பெட்டியை ஓட்டும் நிரலின் பட்டியலிலிருந்தே அதை நீக்கிவிட்டேன். நீக்கிய பிறகுதான், அவர் எழுதியதெல்லாம் அதற்குள் இருப்பது நினைவுக்கு வந்தது. "கொஞ்சம் சும்மா இருங்களேன்!" என்று அவரிடம் கத்தினேன். பட்டன் சத்தம் நின்றது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

தம்பியைப் போனில் பிடித்தேன். "போச்சுடா, எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"அக்கா, அழுவாத. ஃபைலையும் சேத்து டெலிட் பண்ணியா, லிஸ்ட்லேருந்து மட்டும் எடுத்தியா?"

"லிஸ்ட்லேருந்து மட்டும்தான்னு நெனைக்கிறேன்."

"அப்ப மாமா எழுதுனதெல்லாம் பத்திரமாதான் இருக்கும். கம்ப்யூட்டர்ல தேதி என்னா காட்டுது?"

பல வருடம் பின்னால் காட்டியது.

"போர்டுல இருக்கிற சின்ன பேட்டரி போயிருச்சு. கரண்ட் போனதும் செட்டிங் எல்லாம் மாறியிருக்கும். ரீஸ்டார்ட் பண்ணி கீபோர்டுல எஃப் ரெண்ட தட்டிக்கிட்டே இரு."

அப்போது வந்த நீலத் திரையில், அவன் சொன்னபடி, உள்பெட்டியை ஓடவிடும் 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரியைத் தேடி இயக்கினேன். முதல் தடவை சேமிக்க மறந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். பிறகு தம்பி சொன்ன ஃபோல்டரிலிருந்து உள்பெட்டியைத் திரும்பச் சேர்த்தேன். திறந்தது.

அவர் கட்டைவிரல் அசைய வெகுநேரம் ஆனது. எழுத்து எழுத்தாக வந்தது: இடது காதில் எறும்பு.

மூன்று மணி நேரம். வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் விட்டுத் தலையைச் சாய்த்தேன். செத்த எறும்பு ஒன்று எண்ணெயோடு வழிந்து வந்தது. அவர் நெற்றியில் நெற்றி வைத்து அழுதேன்.

அணைத்தால் செட்டிங் மறுபடி மாறிவிடுமோ என்று அன்று கணினியை நான் அணைக்கவேயில்லை. தம்பி அன்று மாலையே கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் புது பேட்டரி வாங்கி, மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தான்.