சிவப்பு விளக்கு பச்சையான காலை

அன்றைக்கு வீட்டில் இருந்தது நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா இல்லை. ஆரணியில் அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம், காலை பஸ்ஸில் கிளம்பிவிட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரிடம் இதை ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்தி, "உங்கப்பாவே மாடிக்குப் போயிருப்பாருப்பா" என்கிறார்கள். போகவில்லை. நானே பஸ் ஸ்டாண்டில் வண்டியில் கொண்டுபோய் விட்டு, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டி, பஸ் நகர்ந்த பிறகுதான் திரும்பினேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பேய், காற்று, கருப்பு, செய்வினை எதிலும் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. என் வேலை அப்படி. பிராட்பேண்ட் கம்பெனியில் கஸ்டமர் சப்போர்ட், வீட்டிலிருந்தே. நெட் வரவில்லை என்று நாள் முழுக்க யாராவது கூப்பிடுவார்கள், "மோடத்துல எந்த லைட் எரியுது, என்ன கலர்?" என்று கேட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு காரணம் நிற்கும். காரணம் இல்லாத கம்ப்ளைண்ட் என்று ஒன்று கிடையாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அதை அப்படியே நம்பினேன், இன்றைக்கும் நம்பத்தான் ஆசை.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். முன்னறையில் பாதியை அப்பாவின் தறி அடைத்துக்கொண்டிருக்கும், மீதிப் பாதியில் என் மேஜையும் கம்ப்யூட்டரும். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார், அம்மா அதுவும் போடமாட்டாள். வேலைக்குச் சேர்ந்து மோடம் வந்த அன்று அப்பா தறிக்கு நேர் மேலே சுவரில் ஒரு பலகை அடித்து அதை உட்கார வைத்தார். ஆயுதபூஜைக்குத் தறிக்குப் பொட்டு வைத்த கையோடு மோடத்துக்கும் ஒரு பொட்டு வைத்தார். காலையில் நான் பயிற்சிக்கு ஹெட்செட்டை மாட்டி "வணக்கம், நான் தினேஷ் பேசுகிறேன்" என்று ஆரம்பித்தால் சத்தம் வரக்கூடாதென்று தறியை நிறுத்திவிட்டு, ஏதோ கச்சேரி கேட்பவர் மாதிரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும், அதை மறைப்பானேன்.

அந்த நாள்தான் என் வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று தெரியும் நாள். பத்து மணிக்கு உண்மையான வாடிக்கையாளர் அழைப்புகளை எனக்குத் திருப்பிவிடுவார்கள், மேலதிகாரி மேடம் ஒருவர் அதே லைனில் கேட்டுக்கொண்டே மார்க் போடுவார். லைனில் வராதவன் பயிற்சியோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான், மறுவாய்ப்பு கிடையாது. போன் நெட்டைப் போட்டு ஒப்பேற்றவும் முடியாது, கம்பெனி சாஃப்ட்வேர் வீட்டுக்குப் பதிவான அந்த ஒரு இணைப்பில்தான் திறக்கும்.

அப்பாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் மூலையில் மஞ்சள் முக்கோணம். நிமிர்ந்து பார்த்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு.

பயப்படவில்லை, நம்பினால் நம்புங்கள், முதலில் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது. இது நம்ம வேலையாச்சே. மோடத்தை அணைத்து, விட்டு, போட்டேன். சிவப்பு. அடாப்டரைக் கழற்றி வேறு பிளக்கில் சொருகினேன். சிவப்பு. கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே இருக்கும் கேபிளை மாற்றிப் பார்த்தேன், கம்ப்யூட்டரிலிருந்து மோடத்தைக் கூப்பிட்டால் பதில் வருகிறது, மோடத்தைத் தாண்டினால் மௌனம். அப்படியென்றால் கோளாறு வீட்டுக்குள் இல்லை, வெளியே. ஒரு தடவை எங்கள் ஹெல்ப்லைனுக்கே போன் போட்டேன். என்னோடு பயிற்சியில் இருந்த பையன்தான் எடுத்தான்.

"வணக்கம் சார், மோடத்தை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்க சார்."

"டேய், நான்தான்டா தினேஷ்."

"தெரியுதுடா, மேல கேட்டுக்கினு இருக்காங்க. ஆஃப் செய்து ஆன் செய்யுங்க சார்."

செய்தேன். லைன்மேனைப் பதிவு செய்திருக்கிறோம், மதியத்துக்குள் வருவார் என்றான். பத்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

மாடிக்கு ஓடினேன். கம்பத்திலிருந்து வரும் கறுப்பு ஒயர் எங்கள் கைப்பிடிச் சுவர் மேலாகத்தான் இறங்கும். கோயில் குரங்கு ஒன்று கடித்துத் துப்பியிருந்தது. தோல் உரிந்து, ஒயர் இரண்டாகி, முனைகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே கிடந்தன. ஒவ்வொரு முனையிலிருந்தும் முடி மாதிரி ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா? ரெண்டு முனையும் நல்லாத்தானே இருக்குது. முறுக்கி வுட்டா ஆச்சு."

"அது நூல் இல்லம்மா, கண்ணாடி. உள்ள வெளிச்சம் போவும்."

"இந்த மயிரு மாதிரி இருக்கறதுக்கு உள்ளயா? யார்ரா இவன், காலங்காத்தால கதை வுட்டுக்கினு."

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் பாவை, அதாவது சேலைக்கு நீளவாட்டில் ஓடும் நூல் மொத்தத்தையும், தெரு நெடுக விரித்துக் கட்டுவார்கள். அந்தப் பக்கமாகப் போகிறவர் கண்ணில் அறுந்த இழை பட்டால், அது யார் வீட்டுப் பாவாக இருந்தாலும், விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். சண்டை போட்டுப் பேச்சில்லாமல் இருப்பவர்கள்கூடச் செய்வார்கள். அறுந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே போனால் எங்கள் ஆட்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

மாடிக் கதவைக் குரங்குக்குப் பயந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவுக்குப் போன் போட்டேன். பஸ் இரைச்சலில் அவர் குரல் கேட்டும் கேட்காமலும் வந்தது.

"அப்பா, ஒயர் அறுந்துபோச்சுப்பா. எல்லாம் போச்சு."

"எங்க அறுந்துது?"

"மாடியில."

"ரெண்டு முனையும் இருக்குதா?"

"இருக்குது. ஆனா அது..."

"சரி. நீ போய் உன் எடத்துல உக்காரு. காதுல அத மாட்டிக்க. நான் பாத்துக்கிறேன்."

ஊரில் எந்த அப்பாவும் சொல்வதுதான். பஸ்ஸில் போகிறவர் என்ன பார்த்துக்கொள்வார்? ஆனாலும் சொன்னபடி செய்தேன். மேஜைக்கு வந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முக்கோணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அம்மா எனக்கு எதிரே தரையில் நூல் சுற்ற உட்கார்ந்தாள். மாடிப்படி என் மேஜையை ஒட்டித்தான் ஏறுகிறது, என் முழங்காலை இடிக்காமல் ஒருவர் அதில் ஏற முடியாது. யாரும் ஏறவில்லை.

முக்கோணம் போய்விட்டது.

நிமிர்ந்தேன். பச்சை. சாதாரணமாக வந்தவுடன் கொஞ்சம் மின்னித்தான் நிற்கும், இது மின்னவே இல்லை, காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்த மாதிரி எரிந்தது. யோசிக்க நேரமில்லை. மேடத்தின் குரல் வந்தது, "ரெடியா தினேஷ்?" ரெடி மேடம் என்றேன்.

முதல் அழைப்பு திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா. பேரனுக்கு ஏதோ ஆன்லைன் பரீட்சையாம், பதற்றத்தில் பிளக்கையும் சுவிட்சையும் போட்டுக் குழப்பிவிட்டிருந்தார்கள். மோடத்தில் என்ன விளக்கு என்றேன். "செவப்பா எரியுதுய்யா, பயமா இருக்கு." அந்தப் பயம் நான் கொஞ்சம் முன்னால்தான் பட்ட பயம். ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவசரப்படுத்தவில்லை, அலமாரியை நகர்த்தும்போது பின்னால் ஒயர் கழன்றிருந்ததை அவர்களே கண்டுபிடிக்கும்படி கூட்டிப் போனேன். "பச்ச வந்துருச்சுய்யா!" என்று அங்கே கத்தியது எங்கள் வீட்டில் அம்மாவுக்கே கேட்டிருக்கும். அதற்குப் பிறகு வந்தவர்களையும் அப்படியே. ஒரு அழைப்பும் அறுபடவில்லை. முடிந்ததும் மேடம், "இவ்வளவு நிதானமா பேசுறவங்க இந்த பேட்ச்ல யாரும் இல்ல தினேஷ்" என்றார். வேலை நிரந்தரம். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மோடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அப்போதுதான் லைன்மேன் சதீஷ் ஏணியோடு வந்தார்.

"லைன் வந்துடுச்சுண்ணா," என்றேன்.

"வந்துடுச்சா? கம்பத்துல பார்த்தேனே, உன் லைன் டெட்டுப்பா."

மூவரும் மாடிக்கு ஏறினோம். தாழ்ப்பாள் நான் போட்டபடியே இருந்தது. கைப்பிடிச் சுவர் மேல் இரண்டு முனைகளும் சேர்ந்திருந்தன. அந்த இழையும் இந்த இழையும் ஒன்றாக முறுக்கி, அழுத்தி உருட்டி, மேலே லேசாகச் சாம்பல் பூசினாற்போல். பட்டு இழையைச் சேர்ப்பது எப்படியோ அப்படி.

சதீஷ் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னா தம்பி, விளையாடுறியா? கண்ணாடிய முறுக்க முடியுமா? ஒடிஞ்சிடும். இத மிஷின்ல வச்சி உருக்கி ஒட்டணும். முறுக்கினாலும் லைட்டு தாண்டாது."

"கீழ பச்சை எரியுதுண்ணா."

நம்பாமல் அவரே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். ஒற்றை விரலால் அந்த முறுக்கைத் தொட்டார். உதிர்ந்துபோனது. நான் கீழே ஓடினேன். சிவப்பு.

திரும்பி வந்தபோது அம்மா அந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதிர்வதற்கு முன்பே முறுக்கு எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

"உங்கப்பா முறுக்குடா அது."

அப்பா இடக்கைக்காரர். மற்றவர்கள் முறுக்குவதற்கு நேரெதிர்ப் பக்கமாகத்தான் அவருக்கு இழை சுற்றும். தெருவில் எந்தப் பாவிலும் அவர் சேர்த்த இழையைத் தனியாகக் காட்டிவிடலாம், கேலிகூடச் செய்வார்கள். வருடக்கணக்காக எதிரே உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தவள் அம்மா, அவளுக்குத் தெரியாதா?

பக்கத்து மாடியிலிருந்து யாராவது தாண்டி வந்திருக்கலாம் என்பீர்கள். வரலாம். தெருப் பழக்கம் விடாமல் முறுக்கிவிட்டும் போயிருக்கலாம். இடக்கை ஆள் இன்னொருவரும் ஊரில் இருக்கலாம். அத்தனையும் சரியென்றே வைத்துக்கொள்ளுங்கள், என் அழைப்புகள் அத்தனையும் எதன் வழியாகப் போயின என்று மட்டும் சொல்லுங்கள். பயிற்சியில் சொன்ன கேள்விகளையெல்லாம் வரிசையாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், கடைசியில் ஒன்றும் நிற்கவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். வேலை நிரந்தரம் என்றதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பித் தெருவுக்குப் போய் நாலு வீட்டில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"நான் பாத்துக்கிறேன்னு சொன்னியேப்பா. என்ன பண்ணே?"

"இன்னா பண்றது? நீ பயந்துக்கினு இருந்தே, சொல்லிவச்சேன். போன வச்சதும் தூங்கிட்டேன்டா, ஆரணி வந்து கண்டக்டர்தான் எழுப்புனான்."

அம்மா என்னைப் பார்த்தாள். சாப்பிடும்போது அப்பா இடது கட்டைவிரலை உதறிக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் இறங்கியதிலிருந்து சுருக்குச் சுருக்கென்று குத்துகிறதாம், ஜன்னல் தகரம் கீறியிருக்கும் என்றார். ராத்திரியில் விரல் நன்றாக வீங்கிவிட்டது. காலையில் தெருமுனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, ஊசி முனையால் மெல்லக் கிளறி, எதையோ எடுத்துப் பஞ்சின் மேல் வைத்தார். தலைமுடியைவிட மெல்லிசு. வெளிச்சத்தில் காட்டியபோது பளிச்சென்று மின்னியது.

"கண்ணாடி இழை. கேபிள் ஒட்டுற பசங்களுக்குத்தான் இப்படி ஏறும். நீங்க அந்த வேலையா?"

"நாம நெசவுங்க," என்றார் அப்பா. என் தோளில் கை வைத்தார். "பையன்தான் கம்ப்யூட்டர் வேலை. நேத்து பர்மனென்ட் பண்ணிட்டாங்க."

சதீஷ் அண்ணன் புது ஒயர் போட்டதற்கு, நீயும் நம்ம கம்பெனிதானே என்று டீ மட்டும் குடித்துவிட்டுப் போயிருந்தார். ஆக எங்களுக்கு ஆன செலவு டாக்டர் ஃபீஸ் இருநூறு, ஊசிக்கு முப்பது. அப்பா விரலிலிருந்து கண்ணாடி எடுக்க, இருநூற்று முப்பது ரூபாய்.