ஜைனுலாப்தீன் கடையில் கரண்டிச் சத்தம்

இரண்டு தட்டு தட்டினால் தே தாரே, நுரைக்க ஆற்றிய பால் தேநீர். ஒரு தட்டும் ஓர் இழுப்பும் என்றால் ரொட்டி சானாய். மலேசியாவின் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜைனுலாப்தீன், கல்லாவில் உட்கார்ந்தபடி கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் தட்டுகிறார். அடுப்படியில் மகன் ஷாஹித் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். ஆனாலும் பாதி நேரம் மாற்றித்தான் போடுகிறான்.

போன வருடம் வரை இந்தத் தட்டலெல்லாம் கிடையாது. "தே ஓ ஒண்ணு, சூடா" என்று அவர் குரல் கொடுத்தால் எதிர்வரிசைச் சாவிக்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்தத் தொண்டையில்தான் கடையே ஓடியது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதையும் அடைக்க விடமாட்டார். கை கழுவும் தொட்டியில் தண்ணீர் தயங்கி இறங்கினாலே போதும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பியோடு சாக்கடை வாயில் குனிந்துவிடுவார். "அடச்ச லோங்காங்க வெச்சிக்கிட்டு யாவாரம் பாக்க முடியுமா லா?"

அப்படிப்பட்டவரிடம்தான், சும்மா எடுத்த பரிசோதனையில் கழுத்து ரத்தக்குழாய் அடைத்துச் சுருங்கியிருக்கிறது, பக்கவாதம் வரலாம் என்று சொன்னார்கள். தலைசுற்றல் இல்லை, கை கால் மரத்ததில்லை. மாத்திரையிலேயே பார்க்கலாம், அறுவையும் செய்யலாம், இரண்டிலும் ஆபத்து உண்டு என்று டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். இவர் காதில் விழுந்தது அடைப்பு என்ற ஒன்றுதான். "எடுத்துப் போட்ருங்க டாக்டர்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டு வந்தார்.

அடைப்பு போனது. கூடவே குரல் நரம்பும் அடிபட்டது. திரும்பிவிடும் என்றார்கள். நோன்புப் பெருநாள் போய் ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது, தொண்டையில் காற்றுதான் வருகிறது.

"மாத்திரையிலயும் பாக்கலாம்னு டாக்டரு சொன்னாருல்ல," மனைவி பல்கீஸுக்கு இன்னும் ஆறவில்லை. "வேலியில போன ஓணானத் தூக்கி மடியில கட்டிக்கிட்டாரு."

"நல்லா இருந்தேன் லா," என்று காற்றாகவே சொல்வார் அவர். "நல்லா இருந்த மனுசன், நடந்து போயி படுத்தேன்."

பக்கவாதம் வராமல் தப்பித்தீர்களே என்று வாடிக்கையாளர்கள் தேற்றுவார்கள். வராத நோயை யார் கண்டது? போன குரல் ஊருக்கே தெரிகிறது.

நேற்று மதியம், நல்ல கூட்ட நேரம். தொட்டி அடைத்து அழுக்குத் தண்ணீர் கல்லா வரை ஓடி வந்துவிட்டது. "வாப்பா, தொட்டி அடச்சிக்கிச்சு" என்று ஷாஹித் உள்ளிருந்து கத்தினான். கம்பி கைக்கெட்டும் ஆணியில்தான் தொங்கியது. ஜைனுலாப்தீன் அதைப் பார்த்தார். சட்டைக் காலருக்குள் விரலை விட்டுத் தழும்பைத் தடவினார். பிறகு இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டார்.