டெலிவரி இலவசம்

“மெட்ராஸுக்குங்களா?”

இஃப்திகார் பாய் இதைக் கேட்கும் தொனியில் புதிதாய் மாட்டிக்கொண்டவர்கள் உருகிவிடுவார்கள். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நிற்பவரிடம் தானாகப் போய்ப் பேச்சுக் கொடுப்பார். தனியாகவா போகிறீர்கள், தண்ணீர் எடுத்துக்கொண்டீர்களா, ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததா என்று பெற்ற தகப்பன் மாதிரி விசாரிப்பார். எதிராளி “தாம்பரத்துல எறங்குறேங்க” என்று வாயைத் திறந்ததும், அதுவரை முதுகுக்குப் பின்னால் இருந்த அவருடைய கை முன்னால் வரும். அதில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். “தாம்பரம்னா ரொம்ப வசதியாப் போச்சி. எறங்கி நாலு எட்டு நடந்தீங்கன்னா வூடு வந்துரும்.”

பழைய புத்தகங்களை இணையத்தில் விற்பது அவர் தொழில். ரியாத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பழைய பேப்பர் கடைகளில் எடைக்குப் போகும் புத்தகங்களைப் பொறுக்கியெடுத்துத் தூசி தட்டுவார். மகள் ஷாஸியா படம் பிடித்துப் போனில் ஏற்றுவாள். ஒவ்வொரு புத்தகத்தின் கீழேயும் ‘டெலிவரி இலவசம்’ என்று போட்டிருக்கும். அதில் பொய்யே இல்லை. வாங்குபவருக்கும் இலவசம், விற்பவருக்கும் இலவசம். சுமப்பவரை யாரும் கேட்பதில்லை.

“அம்பது ரூபா புக்குக்கு அறுவது ரூபா தபால் செலவு பண்ணா, நான் புக்கு விக்கிறனா, ஸ்டாம்பு விக்கிறனா?” என்பார். “பஸ்ஸு எப்படியும் போவுது. ஒரு புக்கு ஏறுனதால டீசல கூடவா குடிக்கப்போவுது?” நியாயமான கேள்விதான். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கி, மொட்டை வெயிலில் குறுக்குத் தெரு தேடி, மாடி ஏறி, காலிங்பெல் அடிப்பது பஸ் அல்ல என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை.

பெட்டிகளும் இலவசமே. ஊரில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறைகளில் மிஞ்சுகிற அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கிவருவார். மேலே ‘உடையும் பொருள், கவனம்’ என்று சிவப்பில் அச்சடித்திருக்கும். அதை அவர் அழிப்பதே கிடையாது. உள்ளே இருப்பது போன வருஷத்துப் போட்டித்தேர்வு கைடு. அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்து, உலுக்கலுக்கெல்லாம் அணைத்துப் பிடித்துக்கொண்டு சென்னை வரை தூங்காமல் போனவர்கள் இந்த ஊரில் அநேகம்.

கல்யாண மாதங்களில் வியாபாரம் பறக்கும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆகவே டெலிவரியும் இல்லை. ‘புத்தகம் நன்றாக இருக்கிறது, கொண்டுவந்தவர் இரண்டு காபி குடித்தார்’ என்று ஒரு வாடிக்கையாளர் இணையத்தில் எழுதிவைத்திருக்கிறார். மையத்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனால் பாய் உண்மையாகவே கண்கலங்குவார், இறந்தவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு மெல்ல, “ஊருக்கு எப்பங்க கெளம்புறீங்க?” என்பார்.

பக்கத்து வீட்டு கௌரிசங்கர் வங்கி ஊழியர். மகளைப் பார்க்கச் சென்னை போகும் நாட்களில், மாற்று வேட்டியைக் காய்கறிப் பைக்குள் சுருட்டி, மேலே கொஞ்சம் கருவேப்பிலையைப் பரப்பிக்கொண்டு வெளியே வருவார். “மார்க்கெட்டுக்குங்க” என்பார். விடியற்காலையில் எந்த மார்க்கெட் என்று இஃப்திகார் கேட்டதில்லை. ஆனால் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்து போயிருக்கிறார்.

இதெல்லாம் ஊருக்கு வேடிக்கை. மனைவி பர்வீனுக்குத்தான் வயிற்றெரிச்சல். ஷாஸியாவுக்கு முதலில் வந்த வரன் இந்தப் பெட்டிகளால்தான் கெட்டது. பெண் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்களின் வேனில் இவர் கூச்சமில்லாமல் ஏற்றிய ஏற்றில், மாப்பிள்ளையின் தாயார் காலை நீட்ட இடமில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தார். மறுநாள் பதில் வந்தது: “நாங்க பொண்ணு பாக்கத்தான் வந்தோம். லோடு ஏத்த வரல.” ஷாஸியா அத்தாவின் அடுத்த பார்சலுக்கு டேப் ஒட்டிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சாத்தல் இஃப்திகாருக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்தது தைத்ததாகவே இருக்க, அந்தப் பார்சலை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கும் போனார்.

அதனால், வேப்பூரில் ஹோட்டல் வைத்திருக்கும் பர்வீனின் அண்ணன் ஜமால் முகம்மது, பல்லாவரத்திலிருந்து ஒரு நல்ல இடம் கொண்டுவந்தபோது, பர்வீன் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டாள். புத்தக அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். “இன்னைக்கு ஒரு பொட்டி இந்த வாசலத் தாண்டுச்சி, நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன்.”

“ஒன்னே ஒன்னு, பல்லாவரத்துக்கே ஒரு ஆர்டர் இருக்குது...”

“என்னாங்க!”

அடங்கிவிட்டார். வந்தவர்கள் தங்கமான மனிதர்கள். மாப்பிள்ளை ரியாஸ் தலை நிமிராமல் பிரியாணியை ஒரு பிடி பிடித்தான். ஷாஸியா உள்ளே போய் உம்மாவின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மகள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று இஃப்திகார் நினைத்துப் பார்த்தார். இந்த இடம் கைவிட்டுப் போகக் கூடாது, எந்தப் பாவியும் இதைக் கெடுக்கக் கூடாது என்று மனதுக்குள் துஆ கேட்டார். எந்தப் பாவி என்பது அவருக்கும் தெரியும்.

சோதனை வாசலில் இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஷேக் தாவூத் காரின் டிக்கியைத் திறந்தார். காலி. துடைத்துவைத்த மாதிரி காலி. ஒரு துண்டை எடுத்து உதறினார், மறுபடி வைத்தார், மூடாமல் நின்றார். “அப்புறம் பாய், மெட்ராஸ்ல ஏதாச்சும் வேலை இருக்குதா? குடுத்தனுப்புறது ஏதாச்சும்?”

இஃப்திகாரின் கை பழக்கத்தில் முதுகுக்குப் பின்னால் போனது. கதவருகில் பர்வீனின் கண்கள் அவர் முதுகைத் துளைத்தன. வாழ்நாளில் சொல்லியறியாத ஒரு வாக்கியத்தை அவர் கஷ்டப்பட்டுச் சொன்னார்: “அதெல்லாம் ஒன்னும் இல்லீங்க. உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?”

டிக்கி மூடியது. அந்த ஓசை அவர் நெஞ்சிலேயே விழுந்தது. ஆனாலும் கடமையை முடித்த திருப்தியோடு உள்ளே வந்து, இரண்டாம் முறை பிரியாணி போட்டுக்கொண்டார்.

உண்ட மயக்கத்தில் கண் சொக்கும்போது வேப்பூரிலிருந்து போன். பெண்ணின் மாமா கடையில் டீ குடிக்காமல் போகக் கூடாதென்று அவர்கள் வழி சுற்றி அங்கே இறங்கியிருக்கிறார்கள். ஜமால் மூச்சிரைத்தார்.

“என்னா மச்சான் பண்ணி வெச்சே? அவரு மொகமே சரியில்ல. ‘முன்னப் பின்னத் தெரியாதவன் கையிலல்லாம் பார்சல் குடுக்குற மனுசன், நம்மகிட்ட மட்டும் எதுக்கு சிரமம்னுட்டாரு. இஷ்டமில்லன்னா நேராவே சொல்லியிருக்கலாம்’ங்கறாரு. நான்தான் ஒன்னப் பத்தி அவருகிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருந்தனே! அதுக்குன்னே டிக்கிய காலி பண்ணிட்டு வந்திருக்காரு மனுசன். மாப்ள டீயத் தொடவே இல்ல. நான் எப்படியோ புடிச்சி ஒக்கார வெச்சிருக்கேன்.”

ஸ்பீக்கரில் இருந்ததால் வீடே கேட்டது. ஷாஸியாவின் முகம் வெளுத்துவிட்டது. பர்வீன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“பல்லாவரத்துக்கு ஒரு ஆர்டருன்னீங்களே, எடுத்துட்டு ஓடுங்க. ஒன்னு. நல்லாக் கேட்டுக்குங்க, ஒன்னே ஒன்னு.”

வேப்பூர் போய்வரும் பெட்ரோல் செலவில் அந்தப் புத்தகத்தைத் தபாலில் டெல்லி வரைக்கும் அனுப்பலாம். இதைக் கணக்குப் பார்க்காமல் இஃப்திகார் ஸ்கூட்டரை விரட்டியது அவர் சரித்திரத்திலேயே முதல் முறை. வழியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் பைகளை மறைத்துக்கொண்டார்கள். அவர் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹோட்டல் வாசலில் கார் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வேர்த்து விறுவிறுத்து ஓடிப்போய் ஜன்னலில் பெட்டியை நீட்டினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பல்லாவரம், பெரிய மசூதி பக்கம், ஒரு நர்ஸம்மா கேட்டிருந்தாங்க. உங்ககிட்ட குடுக்காம வேற யாருகிட்டங்க குடுப்பேன்?”

ஷேக் தாவூத் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். ‘உடையும் பொருள்’ என்பதைப் படித்துவிட்டு, “ரியாஸு, இத மடியிலயே வெச்சுக்க” என்று மகனிடம் கொடுத்தார். ரியாஸ் அதை அணைத்துக்கொண்டு முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தான்.

“இத அங்கயே குடுத்திருக்கலாமில்ல, சம்பந்தி? இதுக்குப் போயி இவ்ளோ தூரம் வரணுமா?”

சம்பந்தி என்ற சொல்லில் இஃப்திகாருக்குக் கண் நிறைந்துவிட்டது. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜமாலைப் பார்த்தார், காரின் டிக்கியைப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரிடம் போய், மெதுவாகச் சீட்டைத் தூக்கி, குரோம்பேட்டைக்குப் போகவேண்டிய இன்னொரு பெட்டியை வெளியே எடுத்தார்.