வெட்டிய பிறகு போட்ட கஞ்சி

என் மனைவி ரவிக்கை தைக்கிறாள். பணி ஓய்வு பெற்ற எனக்கு அந்த வீட்டுத் தொழிலில் ஒரு பதவி தரப்பட்டிருக்கிறது: துணிக்குக் கஞ்சி தெளித்து இஸ்திரி போடுவது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்புகளைச் சரிபார்த்தவனுக்கு ஏற்ற உயர்வுதான்.

கடையில் விற்கும், அழுத்தினால் பீய்ச்சும் கஞ்சி டின்னை நான் வாங்குவதில்லை. விலையில் பாதி காற்றுக்குப் போகிறது. கைப்பேசிக் காணொளியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, கஞ்சிக்குப் பதில் சாராயத்தில் தண்ணீர் கலந்து தெளிக்கச் சொன்னாள். மலேசியாவில் சாராயத்துக்குப் போடும் வரி அவளுக்குத் தெரியாது போலும். என் கணக்கு, அரை லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி மரவள்ளி மாவு. காய்ச்சி, வடிகட்டி, தெளிப்பானில் ஊற்றினால் போதும். ஒரு ரவிக்கைத் துணிக்கு அறுபத்து நான்கு தெளிப்பு. பிறகுதான் மனைவி கத்தரியை எடுப்பாள்.

பாசிர் கூடாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருக்கும் ஒரு பெண்ணுக்கு நாற்பத்திரண்டு வயதில் கல்யாணம் கூடியது. தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. இந்த வெயிலுக்குப் பட்டு வேண்டாம் என்று ஜரிகை ஓரம் வைத்த பருத்திச் சேலை எடுத்திருந்தாள். ரவிக்கைத் துணி அந்தச் சேலையோடு வந்த எண்பது சென்டிமீட்டர்தான். கெட்டால் வேறு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்.

புதுத் துணி. ஆலையில் போட்ட விறைப்பு அப்படியே இருந்தது. ஏற்கெனவே விறைத்து நிற்பதற்கு இன்னொரு விறைப்பு எதற்கு? வெறும் இஸ்திரி போட்டு மேசையில் வைத்தேன். மனைவி தடவிப் பார்த்தாள், கஞ்சி போட்டாயிற்று என்று நம்பி வெட்டிவிட்டுச் சமைக்கப் போனாள்.

அப்போதுதான் என் மனசாட்சி விழித்தது. அது எப்போதும் தாமதமாகத்தான் விழிக்கும். துண்டுகளுக்காவது தெளித்துவிடுவோம் என்று பதினொரு துண்டுகளையும் பரப்பித் தெளித்து இஸ்திரி போட்டேன். மொத்தம் முப்பத்தொன்பது. இருபத்தைந்து தெளிப்பு மிச்சம். இந்தச் சாதனையில் மகிழ்ந்து, பழக்கதோஷத்தில் நாடாவை வைத்து அளந்தேன். பதினைந்து அங்குல முதுகு, பதினாலரையாகியிருந்தது. துண்டுகள் எல்லாம் ஒரே மாதிரி சுருங்கியிருந்தன. எங்கள் உறவுக்காரர்களிடம் காணாத ஒற்றுமை.

நாடாதான் தவறாக இருக்கும் என்று முடிவு செய்து வாயை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை, ஷிப்டு முடிந்து சீருடையோடு வந்த மணப்பெண் உள்ளே போய் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, மேலே துப்பட்டாவைப் போர்த்தியபடி கூடத்துக்கு வந்தாள். கையைத் தூக்கப் பார்த்தாள். தோள் வரைக்கும்கூட ஏறவில்லை.

“ஆன்ட்டி, மூனு வாரமா நாசி லெமாக் சோத்துப் பக்கமே போகல லா. எப்படி இன்னும் குண்டானேன்?”

“குண்டாகலம்மா, நான்தான் அளவு தப்பா எடுத்துட்டேன் போல,” என்றாள் மனைவி.

“இல்ல ஆன்ட்டி, நான்தான். ஓவர்டைம்ல ஒக்காந்து ஒக்காந்து…” என்றவளின் கண் கலங்கிவிட்டது.

இரண்டு பெண்கள் என் குற்றத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் தாங்கவில்லை.

“நீ குண்டாகலம்மா. துணிதான் இளைச்சிருச்சு,” என்று நடந்ததைச் சொன்னேன்.

மனைவி கண்ணாடியைக் கழற்றினாள். “எத்தன தெளிச்சீங்க?”

“முப்பத்தொம்போது.”

“இருவத்தஞ்சு மிச்சம். கல்யாணத்துல மொய்யா எழுதிருங்க.”

பெண்ணுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “அலமாக், அங்கிள்! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? இன்னிக்கு ராத்திரிலேருந்து பட்டினி கெடக்கணும்னு நெனச்சிட்டேன்.”

பக்கத் தையலைப் பிரித்தால் உள்ளே விட்ட துணி கொஞ்சம் கிடைக்கும், அக்குளுக்குப் போதாது. ஓரம் அடிக்க எங்களிடமே இருந்த சேலையில், இடுப்பில் முதலில் செருகும் முனையிலிருந்து நான்கு விரற்கடை வெட்டி அக்குளில் ஒட்டுக் கொடுக்க வேண்டும் என்றாள் மனைவி. கல்யாணச் சேலையில் கத்தரி வைப்பதா?

“வெட்டுங்க ஆன்ட்டி. உள்ள போற முனை, யார் பாக்கப்போறா?”

“ஒருத்தர் பாப்பாரு.”

“அவரு பாக்கறப்போ அளவெல்லாம் கேக்க மாட்டாரு லா!”

நான் அவசரமாகச் சமையலறைப் பக்கம் போனேன். மனைவி கூப்பிட்டு நிறுத்தினாள். தெளிப்பானை எடுத்து வரச் சொல்லி வாங்கி, சுருங்குவது இப்போதே சுருங்கட்டும் என்று அந்த முனை முழுவதையும் அவளே நனைத்து, இஸ்திரி போட்டு, ஆறவிட்டு, பிறகு வெட்டினாள். எத்தனை தெளிப்பு என்று எனக்குத் தெரியும். கேட்கத்தான் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் தாலியைப் பார்த்தார்கள். நான் மணப்பெண்ணின் அக்குளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொரு வயதில் இதைப் பக்கத்தில் இருப்பவருக்கு எப்படி விளக்குவது? சந்நிதியில் தலைக்குமேல் கை குவித்து மூன்று முறை கும்பிட்டாள். தையல் விடவில்லை.